பழையபேட்டை வெடிவிபத்துக்குப் பிறகு விலைக்கவலை

கேள்வி (மாந்தோப்புக்காரர், கிருஷ்ணகிரி):
2023 ஜூலையில், பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஆலையில் கட்டுப்படியான விலை கிடைக்கவில்லை என்று மனசு கொதித்துக் கிடந்தது. 29ஆம் தேதி காலை பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்தது. பக்கத்து ஓட்டலும் இடிந்து, உயிர்கள் போயின. என் லாரியில் காய் ஏற்றிக்கொண்டிருந்தவருடைய தங்கை அந்தப் பக்கம்தான் குடியிருந்தது. கையில் ஒட்டிய காம்புப் பாலைக்கூடத் துடைக்காமல் ஓடினார். விலையைப் பற்றிப் பேச எனக்கு வாயே வரவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதே கவலை திரும்பிவிட்டது. சொசைட்டிக் கடன் அப்படியே நிற்கிறதே. இது தப்பா?

பதில் (ஊத்தங்கரை):
தப்பே இல்லை அண்ணா. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் ஊரில் 50 செ.மீ. கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களை ஏரித் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது. என் டெம்போ தப்பியது. அன்றைக்கு வண்டிக் கடன் டியூ ஞாபகமே இல்லை. அடுத்த தேதி வந்ததும் பழைய புலம்பல்தான்.

பதில் (தர்மபுரி):
என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். அடிக்கடி விபத்து நடக்கிற தொப்பூர் கணவாயை இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை எந்தச் செலவுக் கணக்கும் மண்டையில் ஏறாது. சரி, அந்தத் தங்கை எப்படி இருக்கிறாங்க?

கேள்வி கேட்டவர்:
பிழைத்துவிட்டது அம்மா. ஒரு காது மட்டும் மந்தம். அண்ணன்காரர் இந்த வருஷமும் காய் ஏற்ற வந்தார். தங்கைக்கு வேறு வீடு பார்க்க அட்வான்ஸ் கேட்டார், கொடுத்திருக்கிறேன்.