காலண்டர் மலை

குழு: தெற்குத் தெரு வீடு

சுதா: எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் டோக்கியோ வரும்போது ஃபுஜி மலைக்குப் போக ஒரு நாள் டூர் இன்று இரவுக்குள் போட வேண்டும். நவம்பர் கடைசி வாரம் இலை சிவக்கும் நேரம், பஸ் எல்லாம் நிரம்பிக்கொண்டே வருகிறது. யார் யார் வருகிறீர்கள், எந்த டூர், இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள்.

விஜயா: அப்பாவும் நானும்.

மீனா: நாங்கள் இரண்டு பேர்.

ராஜா: எதில் அதிக இடம் காட்டுகிறார்களோ அதில் போடு.

கார்த்தி: சித்தப்பா ஆரம்பித்துவிட்டார்.

சுதா: இரண்டு டூர் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்குமே டோக்கியோ ஷின்ஜுக்குவில் காலை எட்டு மணிக்கு முன் பஸ் ஏற வேண்டும். ஆங்கிலம் பேசும் கைடு கூடவே வருவார். முதலாவது, ஃபுஜி ஐந்தாம் நிலையம், அப்புறம் ஹக்கோனே, அங்கே ஆஷி ஏரியில் படகு, ஓவாகுதானியில் ரோப்கார். இரண்டாவது, ஐந்தாம் நிலையம், கவாகுச்சி ஏரி, ஒஷினோ ஹக்காய் ஊற்றுகள். ஐந்தாம் நிலையம் என்றால் ரயில் நிலையம் இல்லை அப்பா. அடிவாரத்திலிருந்து உச்சி வரை பாதையைப் பத்து நிலையமாகப் பிரித்திருக்கிறார்கள். ஐந்தாவது வரைதான் பஸ் போகும். அது 2305 மீட்டர். உச்சி 3776.

பாலு: ஊட்டி 2240. அப்படியானால் ஊட்டி உயரம்தான்.

சுதா: உயரம் ஊட்டிதான், குளிர் ஊட்டி இல்லை. டோக்கியோவைவிடப் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி குறைவாக இருக்கும். காற்று வேறு. அம்மா, அந்த ஊட்டி ஸ்வெட்டரை நம்பி வராதே. கோட்டு இங்கே நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

விஜயா: எனக்கு எல் சைஸ்.

மீனா: எனக்கும் வாங்கினாயா சுதா?

சுதா: ஐந்து பேருக்கும் இருக்கிறது சித்தி.

செல்வி: நான் வரவில்லை கண்ணு. நீங்கள் போய் வாருங்கள். உன் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

விஜயா: என்ன செல்வி இது.

செல்வி: முட்டி.

ராஜா: அக்கா, பஸ்தானே. உட்கார்ந்தே போய்விடலாம்.

செல்வி: காசிக்குப் போகும்போதும் என் முட்டியைத்தான் சொன்னீர்கள்.

மீனா: மதினி, அது முடிந்து பத்து வருடம் ஆகிறது.

செல்வி: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

ராஜா: [பலமுறை அனுப்பப்பட்டது] அவசரம்!! ஃபுஜி எரிமலை எந்த நிமிடமும் வெடிக்கலாம்!! ஜப்பான் செல்வோர் உடனே பயணத்தை ரத்து செய்யவும்!! பத்து பேருக்கு அனுப்பவும்!!

பாலு: சுதா, இது நிஜமா?

கார்த்தி: சித்தப்பா, நீங்கள் போகப்போகிற மலையைப் பற்றி நீங்களே இதை அனுப்புகிறீர்கள்.

ராஜா: வந்ததை அனுப்பினேன். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதானே.

சுதா: ஃபுஜி உயிருள்ள எரிமலைதான், அது பொய் இல்லை. கடைசியாக வெடித்தது 1707 டிசம்பரில். பதினாறு நாள் போல நீடித்தது, சாம்பல் டோக்கியோ வரை வந்து விழுந்திருக்கிறது. அப்போது டோக்கியோவுக்கு எடோ என்று பெயர். அதற்குப் பிறகு வெடிக்கவில்லை. வானிலை நிறுவனம் இரவு பகலாக மலையைக் கண்காணிக்கிறது. ஏதாவது மாறினால் முதலில் ஐந்தாம் நிலையத்துக்குப் போகிற ரோட்டைத்தான் மூடுவார்கள். டூர் பஸ் போகிறது என்றால் தைரியமாகப் போகலாம்.

பாலு: சரி.

பிரபு: பயப்பட வேண்டியது வெடிப்புக்கு இல்லை மாமா, மேகத்துக்கு. ஐந்தாம் நிலையம் வரை போயும் மலை தெரியாமல் திரும்பியவர்கள் என் ஆபீசிலேயே உண்டு. கோடையில் ரொம்ப மோசம். நவம்பரில் பரவாயில்லை.

ராஜா: தெரியவில்லை என்றால் பணம் திருப்பித் தருவார்களா?

பிரபு: தரமாட்டார்கள்.

ராஜா: அப்படியானால் ஹக்கோனேதான். மலை தெரியாவிட்டாலும் படகு, ரோப்கார் இருக்கிறது. அங்கே கந்தக ஊற்றில் வேகவைக்கிற கறுப்பு முட்டை சாப்பிட்டால் ஏழு வருடம் ஆயுள் கூடுமாம். வீடியோ பார்த்தேன்.

மீனா: கார்த்திகை மாதம் முட்டையா?

விஜயா: அதைக் கேட்க நினைத்தேன். மதியச் சாப்பாடு டூரிலேயே தருகிறார்களே, நாங்கள் மாதம் முழுக்கக் கவிச்சி தொட மாட்டோமே.

சுதா: அம்மா, அதுதான் இங்கே பெரிய சிக்கல். காய்கறி மட்டும்தான் என்று சொல்லிக் கொடுக்கும் நூடுல்ஸில்கூட அடிச்சாறு மீன்தான். நம் ஊர் மாசிக் கருவாடு இருக்கிறதே, அதே மாதிரி சூரையைக் காயவைத்துச் சீவிப் போடுகிறார்கள். கண்ணுக்கே தெரியாது. சாப்பாடு இல்லாத டிக்கெட் போடுகிறேன். புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாம்.

பாலு: தூத்துக்குடி மாசி அங்கேயும் உண்டா!

மீனா: புளிக்காய்ச்சல் நான் கொண்டு வருகிறேன். மதினி செய்தால் உப்பு கம்மி.

விஜயா: எந்த மதினி?

மீனா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா: சித்தப்பா, ஹக்கோனே பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஓவாகுதானியில் பூமியிலிருந்து கந்தகப் புகை வந்துகொண்டே இருக்கும். மூச்சிரைப்பு, இதய நோய் உள்ளவர்கள் போக வேண்டாம் என்று அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

மீனா: பார்த்தீர்களா. போன மாதம்தான் இன்ஹேலர் மாற்றிக் கொடுத்தார்கள்.

ராஜா: அதை ஏன் குழுவில் போடுகிறாய்.

பாலு: ராஜா, என்னிடம் சொல்லவே இல்லையே.

ராஜா: சின்ன விஷயம் அண்ணன். பனிக்கு வருவது.

செல்வி: அவன் எப்போதும் அப்படித்தான். அப்பாவும் அப்படித்தான்.

விஜயா: அந்த மலையில் கோவில் ஏதாவது உண்டா சுதா?

சுதா: ஐந்தாம் நிலையத்திலேயே கொமிதாகே என்று ஒரு கோவில் இருக்கிறது. மலைக்கு உரிய தெய்வம் ஒரு பெண். கொனொஹானா சகுயா ஹிமே. ஆனால் அந்தக் காலத்தில் பெண்கள் உச்சிக்கு ஏறக்கூடாது. 1872இல்தான் அந்தத் தடையை எடுத்தார்கள்.

செல்வி: தெய்வமே பெண், பெண்கள் ஏறக்கூடாதா?

விஜயா: எல்லா ஊரும் ஒன்றுதான் செல்வி.

செல்வி: அப்பா தினமும் பார்த்த மலை. அந்தக் காலண்டரில்.

கார்த்தி: எந்தக் காலண்டர் அத்தை?

பாலு: உனக்குத் தெரியாது. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்தபோது ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. சரக்குக் கணக்கில் ஏதோ தவறு, அப்பா ராத்திரி முழுக்க இருந்து எண்ணிச் சரிசெய்து கொடுத்தார். கிளம்பும்போது அந்தக் கப்பல் ஆபீசர் ஒரு காலண்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே படம், கீழே பன்னிரண்டு மாதமும் சின்னதாக. வருடம் முடிந்தும் கழற்றவில்லை. தேதி கிழிக்கிற காலண்டரை அதற்குப் பக்கத்தில் வேறு ஆணி அடித்து மாட்டினார்.

விஜயா: நான் கல்யாணமாகி வந்தபோது நடுக்கூடத்தில் இருந்தது. மாமா காப்பி குடிப்பதே அதைப் பார்த்துக்கொண்டுதான்.

செல்வி: வீட்டைப் பிரிக்கும்போது நான் கேட்டது அது ஒன்றைத்தான். கழற்றியது யார் என்று ராஜாவைக் கேளுங்கள்.

ராஜா: வெள்ளையடிக்க வந்தவன் கழற்றினான். எத்தனை தடவை சொல்வது.

மீனா: நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள்.

கார்த்தி: இருங்கள். என்னிடம் ஒரு படம் இருக்கிறது.

கார்த்தி: [படம்]

கார்த்தி: சுதாவுக்குக் காது குத்தியபோது எடுத்தது. தாத்தா தோளுக்குப் பின்னால் சுவரைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

விஜயா: ஐயோ, மாமா எவ்வளவு ஒல்லி.

மீனா: சுதா அழுகிற அழுகை!

பாலு: அதேதான். அதே காலண்டர்.

செல்வி: எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை கார்த்தி. தண்ணீரில் மலை தலைகீழாக இருக்கும். இருக்கிறதா?

கார்த்தி: இருக்கிறது அத்தை. மலை மேலே, நிழல் கீழே.

பிரபு: ஒரு நிமிடம்.

பிரபு: [படம்]

பிரபு: இது பழைய ஆயிரம் யென் நோட்டு. பின்பக்கம் பாருங்கள். மலையின் தோள் இறங்குகிற விதம், முன்னால் தெரிகிற கரை, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது.

கார்த்தி: அட!

பாலு: அப்பா காலத்தில் இந்த நோட்டு இருந்ததா?

சுதா: நோட்டு 2004இல் வந்தது அப்பா, ஆனால் அது பார்த்து வரைந்த போட்டோ அதைவிடப் பழையது, போருக்கு முந்தியது. 2024 ஜூலையில் புது நோட்டு வந்துவிட்டது, அதில் பெரிய அலைப் படம் இருக்கிறது. பழையதும் செல்லும். அந்த இடம் மொதொசு ஏரி. ஃபுஜியைச் சுற்றி வடக்குப் பக்கம் ஐந்து ஏரி உண்டு. கவாகுச்சி, யமனகா, சாய், ஷோஜி, மொதொசு. மொதொசுதான் மேற்குக் கோடியில் இருக்கிறது, ஐந்திலும் ஆழமானதும் அதுதான். அதன் வடமேற்குக் கரைப் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் படம். காற்றில்லாத காலையில்தான் தண்ணீரில் மலை விழும்.

செல்வி: அப்படியானால் அந்த இடம் இன்னும் இருக்கிறது.

சுதா: இருக்கிறது அத்தை.

செல்வி: பஸ் அங்கே போகுமா?

சுதா: நான் பார்த்த இரண்டு டூரும் போகவில்லை. இரண்டாவது டூர் கவாகுச்சி ஏரி வரை போகிறது. அதே வடக்குப் பக்கம், அதே மலை, கொஞ்சம் கோணம்தான் வேறு.

ராஜா: அக்கா வருகிறாளா இப்போது?

செல்வி: நடக்க வேண்டியது எவ்வளவு?

சுதா: கவாகுச்சியில் கரை சமதளம். ஐந்தாம் நிலையத்தில் பஸ் நிற்கிற இடத்திலேயே கடை, கோவில் எல்லாம். படி ஏற வேண்டிய பகோடா என்கிற அடுக்குக் கோபுரம் இந்த டூரில் இல்லை. அங்கே கிட்டத்தட்ட நானூறு படி, அதனால்தான் அதைச் சேர்த்த டூரை நான் எடுக்கவே இல்லை. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து, ஆறு இடம் என்று போடுகிற டூரில் ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம்தான். இறங்கி, கழிவறை வரிசையில் நின்று, நாலு போட்டோ எடுப்பதற்குள் கைடு கொடியைத் தூக்கிவிடுவார். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் பஸ் நிற்காது. ஆளுக்குப் பத்தாயிரம் யென்னை ஒட்டிக் கொடுத்துவிட்டு பஸ் சீட்டையே பார்த்துக்கொண்டு வருவதா? நவம்பரில் நாலரைக்கே சூரியன் இறங்கிவிடும். பகல் ரொம்பச் சின்னது. இடம் குறைவாக, உட்காரும் நேரம் அதிகமாக உள்ள டூர்தான் நமக்கு.

ராஜா: கோபம் ஒன்றும் இல்லை. படகு மட்டும் மனதில் இருந்தது.

பிரபு: கவாகுச்சியிலும் படகு உண்டு.

ராஜா: அப்படியா. அப்போது சரி.

பாலு: ஞாயிறு பிள்ளைக்குப் பிறந்தநாள். திங்கள் ஓய்வு. செவ்வாயா புதனா?

சுதா: எதுவானாலும் வார நாள்தான் அப்பா. சனி, ஞாயிறு சாயங்காலம் டோக்கியோவுக்குத் திரும்புகிற ரோட்டில் கொபொதொகே சுரங்கம் பக்கம் வண்டி நகரவே நகராது. சித்தப்பாவும் அத்தையும் அவ்வளவு நேரம் உட்கார முடியாது.

பிரபு: டூரே வேண்டுமா என்று ஒரு யோசனை. ஷின்ஜுக்குவிலிருந்து கவாகுச்சி ஏரி நிலையம் வரை நேர் ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரம் போல. அல்லது நான் கார் எடுத்தால் மொதொசுவுக்கே போய்விடலாம்.

சுதா: லைசென்ஸ் மாற்றி ஆறு மாதம். மலை ரோடு. ஐந்து பெரியவர்கள். வேண்டாம்.

பிரபு: ரயில்?

சுதா: ரயில் இறங்கியதும் பஸ், அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போக வேண்டியிருக்கும். கைடு பஸ் என்றால் வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம். ஐந்தாம் நிலையத்துக்குப் போகிற ரோடு பனியால் மூடினால்கூட வேறு எங்கே போவது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

விஜயா: பிரபு சொல்வதும் நல்லாத்தான் இருக்கிறது. செல்விக்கு அந்த இடத்தையே காட்டலாமே.

மீனா: டாக்சி கிடைக்காதா?

ராஜா: நான் பாதி தருகிறேன். டாக்சியோ காரோ. அக்காவுக்காக.

செல்வி: உன் காசு யார் கேட்டது.

ராஜா: கேட்கவில்லை. தருகிறேன் என்றேன்.

பாலு: ராஜா தரட்டும் செல்வி. விடு.

கார்த்தி: டிரைவரோடு வண்டி கிடைக்கும், விலைதான் அதிகம். பிரபு அண்ணா, விசாரியுங்கள்.

பிரபு: நாளை ஆபீசில் கேட்கிறேன்.

சுதா: அதுவரை நான் இதை விட முடியாது. புதன்கிழமைக்கு இரண்டாவது டூரில் ஐந்து சீட் போடுகிறேன். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு வரை ரத்து செய்தால் பிடித்தம் இல்லை, அதற்குப் பிறகு பிடிப்பார்கள். மொதொசுவுக்கு வண்டி கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் கவாகுச்சி. அத்தை, ஐந்தில் நீங்களும் ஒன்று. சரிதானே?

ராஜா: மலையை ஏன் ஃபுஜிசான் என்கிறார்கள்? மரியாதையா?

பிரபு: இல்லை, அந்தச் சான் வேறு. மலை என்றே பொருள்.

மீனா: மதினி, பதில் சொல்லுங்கள்.

விஜயா: தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள், பொறு.

செல்வி: கார்த்தி, அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு வா. அப்பா முகமும் தெரிய வேண்டும், காலண்டரும் தெரிய வேண்டும்.

கார்த்தி: ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொடுத்துவிடுகிறேன் அத்தை.

சுதா: அப்போது சீட் போட்டுவிடவா?

செல்வி: போடு. டாக்டர் ஆறு மாதமாகக் கண்ணாடி மாற்றச் சொல்கிறார். இந்த வாரமே போய் மாற்றிவிடுகிறேன்.