ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, என் அண்ணனுக்குக் கேட்கவில்லை. மரபணுதான் காரணமா?

இளையவள்:
அண்ணனுக்கு வயது 46. முப்பத்தைந்துக்கு மேல்தான் குடி ஆரம்பித்தது. போகப் போக காலையில் எழுந்ததும் கை நடுங்கும் அளவுக்கு முற்றிவிட்டது. சிகிச்சைக்குச் சேர்த்தபோது மனச்சோர்வும் இருக்கிறது என்று செர்ட்ராலின் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே மாத்திரை, அதே டோஸ். அவர் இன்றுவரை குடியைத் தொடவில்லை. அண்ணன் வீடு திரும்பிய கொஞ்ச நாளிலேயே மறுபடி ஆரம்பித்துவிட்டார். ராத்திரியில் விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், "தூக்கம் வரல, நீ போய்ப் படு" என்கிறார். எச்சிலை வைத்து எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்று சொல்லும் டெஸ்ட் இருக்கிறதாமே, எடுக்கலாமா?

வடகாற்று:
எடுத்துவிடுங்கள். எனக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை போட்டாலே தலைசுற்றும், குமட்டும். டெஸ்டில் என் உடம்பு அதை மெதுவாக உடைக்கிறது என்று வந்தது. டோஸைப் பாதியாக்கினார்கள், சரியாகிவிட்டது. ஆனால் எனக்குக் குடிப்பழக்கம் இல்லை.

இரவுப்பணி:
மனநல மருத்துவர் நான். குடிநோயாளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். வடகாற்று சொன்னது உண்மை, ஆனால் அது கல்லீரல் சம்பந்தப்பட்டது. மருந்தை உடைக்கும் சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதியின் மரபணு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை ரத்தத்தில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பாதிக்கிறது. வேகமாக உடைப்பவருக்கு மருந்து போதாமல் போகலாம், மெதுவாக உடைப்பவருக்குப் பக்கவிளைவு கூடலாம். டோஸ் விஷயத்தில் டெஸ்ட் உதவும். குடியை இந்த மாத்திரை நிறுத்துமா என்பதை அது சொல்லாது.

அந்தக் கேள்வியில் பேசப்படுவது, மனநிலையோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணு. செர்ட்ராலின் தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். அதில் நீளம், குட்டை என இரண்டு வடிவங்கள் உண்டு. 2011-இல் கிரான்ஸ்லர் குழு குடிநோயாளிகளுக்கு 12 வாரம் செர்ட்ராலினோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் நீள வடிவமே பெற்று, தாமதமாகக் குடிநோய்க்கு ஆளானவர்கள் செர்ட்ராலினில் குறைவாகக் குடித்தார்கள். அதே நீள வடிவம் உள்ள, இளவயதிலேயே ஆளானவர்களுக்கோ வெற்று மாத்திரையே மேலாக இருந்தது! மற்றவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. மரபணு ஒன்றுதான், குடிநோய் தொடங்கிய வயது பலனையே புரட்டிப்போட்டது. என்னை மிகவும் யோசிக்கவைத்த முடிவு இது. அண்ணன் தாமதமாக ஆரம்பித்தவர் என்று உடனே கணக்குப் போடாதீர்கள். சிறிய ஆய்வு, அதையும் இன்னும் சிறிய கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. அதை நம்பி நான் சீட்டு எழுதமாட்டேன்.

குடிக்கும் ஆசையைக் குறைக்கக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தின் விஷயத்திலும் இப்படித்தான். ஒரு மரபணு வடிவம் உள்ளவர்களுக்கு அது நன்றாகக் கேட்கிறது என்று முதலில் நம்பிக்கை வந்தது. அந்த மரபணுவைப் பார்த்தே ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியானபோது அது நிற்கவில்லை.

உங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது 2010-இல் பெட்டினாட்டி குழு செய்தது. மனச்சோர்வும் குடிநோயும் சேர்ந்த 170 பேர், 14 வாரம். செர்ட்ராலினும் நால்ட்ரெக்சோனும் சேர்த்து எடுத்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் குடிக்காமலே இருந்தார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் அல்லது வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது 21 முதல் 28 சதவீதம்தான். இதற்கு எச்சில் டெஸ்ட் எதுவும் தேவைப்படவில்லை. நால்ட்ரெக்சோன் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் பரிசோதனை பார்ப்பார், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்து எடுக்கிறாரா என்றும் கேட்பார்.

இன்னொன்று, குடி தொடரும்போது மனச்சோர்வு மாத்திரையை எடைபோடவே முடியாது. குடியே மனதை அமுக்கும். பலருக்கு நிறுத்திய சில வாரங்களிலேயே சோர்வு பாதிக்குமேல் விலகிவிடும்.

இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியதுதான் என்னை உறுத்துகிறது. "சாகணும்னு தோணுதா அண்ணா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இளையவள்:
டாக்டர், கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு "சில நாள் தோணுது" என்றார். இப்போதே கிளம்புகிறோம். நாளையிலிருந்து குடியை அடியோடு விடுகிறேன் என்கிறார், விடச் சொல்லலாமா?

இரவுப்பணி:
வீட்டில் வைத்து வேண்டாம். காலையில் கை நடுங்குபவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். செர்ட்ராலினையும் அவராக நிறுத்த வேண்டாம். நடுக்கம், கடைசியாகக் குடித்த நேரம், அவர் இப்போது சொன்னது, மூன்றையும் போனதும் சொல்லுங்கள். குடியையும் மனச்சோர்வையும் சேர்த்தே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.