புதுப்பிப்பு: 1959 மொறிஸ் மைனரில் வெளியே தெரியாத ஒலிபெருக்கிகள்

எனது பழைய மொறிஸ் மைனர் காரின் கதவுகளில் துளையிடாமல் ஒலிபெருக்கி பொருத்த வழி கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி. பின் இருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டின் அடியில் 4 அங்குல ஒலிபெருக்கிகளைப் பூட்டி, மேலே மெல்லிய துணி விரிக்கும் யோசனையே பலித்தது. முன் இருக்கையின் கீழ் வைத்தபோது பாடகர் குரல் மங்கியது.

எதிர்பாராத சிக்கல் மின்னிணைப்பில் இருந்தது. இவ்வண்டியில் பற்றறியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருப்பதால், எதிர்முனை உடலோடு இணையும்படி செய்யப்பட்ட இன்றைய வானொலிப் பெட்டியை அப்படியே பூட்டினால் குறுஞ்சுற்று ஏற்படும். ஆகவே பற்றறியின் இணைப்புகளையும் இக்னிஷன் கொயிலின் (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சுருள்) இரு கம்பிகளையும் இடம் மாற்றி, டைனமோவின் (பற்றறியை மின்னேற்றும் மின்னாக்கி) கம்பிகளைக் கழற்றிவிட்டு, அதன் காந்தச் சுருளுக்கான எஃப் (F) முனையைப் பற்றறியின் நேர்முனையிலிருந்து வந்த கம்பியால் ஒரு கணம் தொட்டுக் காந்தமுனைவைத் திருப்பினோம். எஞ்சின் வேகத்தோடு ஒலிபெருக்கிகளில் ஏறிய இரைச்சல், டைனமோவின் மின்சாரம் வெளிவரும் டி (D) முனையில் மின்தேக்கி (கப்பாசிட்டர்) இட்டதும் அடங்கியது. எஃப் முனையில் அதை இடவே கூடாது.