விஆர் கிச்சன்ல இட்லி தட்டு குண்டானுக்குள்ள இறங்க மாட்டேங்குது
கேள்வி: யூனிட்டில (கேம் செய்ற சாஃப்ட்வேர்) ஹெட்செட் மாட்டிப் பாக்குற விஆர் சமையல்கட்டு ஒண்ணு பண்றேன், எங்க வேளச்சேரி வீட்டு மேடையவே டேப் வெச்சு அளந்து போட்டேன், இட்லி குண்டானுக்கு மெஷ் கொலைடர் (பொருளோட வடிவத்துலயே மோதல் எல்லை) போட்டு கான்வெக்ஸ் டிக் பண்ணா தட்டு வாய்கிட்டயே அந்தரத்துல நிக்குது, டிக்கை எடுத்தா ரிஜிட்பாடி (பொருளுக்கு எடை, அசைவு குடுக்குற பாகம்) எரர். என்னங்க பண்றது?

பதில்: கான்வெக்ஸ்னா வாயில துணி கட்டி மூடின மாதிரி பாஸ், குழியே இருக்காது. அடியில ஒரு பாக்ஸ் கொலைடர், சுத்தி 10, 12 பாக்ஸ வட்டமா நிறுத்துங்க, எல்லாம் குண்டானுக்கு சைல்டு (அதுக்குக் கீழ வர்ற பொருள்), ரிஜிட்பாடி மட்டும் மேல இருக்குற குண்டானுக்கு ஒண்ணே ஒண்ணு.

இன்னொருத்தர்: குண்டான் அடுப்ப விட்டு நகராதுன்னா கைனமேட்டிக் (இடிச்சாலும் நகராத மாதிரி) ஆக்கிடுங்க, கான்வெக்ஸே வேணாம். ஃபிக்ஸட் டைம்ஸ்டெப் (எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை அசைவைக் கணக்கு போடுதுங்கறது) டீஃபால்ட்டா 0.02, 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்ல கரண்டி நடுங்கும், 1/90, அதாவது 0.0111 வைங்க.

கேட்டவர்: பாக்ஸ் அடுக்கிட்டேன், தட்டு உக்காந்துடுச்சு!! மூடிதான் தொட்டா பறக்குது, மாஸ் (எடை) 0.05..

பதில்: அது மூடியா அப்பளமா? 0.4 வைங்க