தூங்கிப்போன குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதா?

கைக்குழந்தைகள் மொழியை எப்படிப் பிடிக்கின்றன என்பதை ஆராயும் முறைகளை முதுநிலை மாணவர்களுக்குச் சில ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நடந்த ஒன்றிரண்டை இங்கே போடுகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

எப்போதும் வெர்க்கர், டீஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் தொடங்குவேன். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10, 12 மாதத்தில் அந்தத் திறன் வெகுவாகத் தேய்ந்திருந்தது. 'பத்து', 'பட்டு' இரண்டும் ஒன்றாகவே விழும் ஒரு காதைக் கற்பனை செய்யுங்கள் என்பேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

தொல்லை அடுத்த வாரம் வரும். கட்டுரைகளை மட்டும் படித்தவர்களுக்குக் குழந்தைகள் சமர்த்தாக உட்கார்ந்து ஒத்துழைக்கும் என்ற நினைப்பு. நடப்பது வேறு. குழந்தை அம்மா மடியில். பக்கத்தில் ஒரு விளக்கு மின்னும், குழந்தை திரும்பினால் ஒலி வரும், வழக்கமாக 2 வினாடி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தச் சுற்று முடிந்தது. எவ்வளவு நேரம் பார்த்தது என்பதுதான் அளவு. அம்மா காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டு ஓட விடுவோம். என்ன ஒலி வருகிறது என்று தெரிந்தால் அவரை அறியாமலே மடி அசையும். அந்த ஹெட்ஃபோன் வயரைத்தான் குழந்தை முதலில் பிடித்து இழுக்கும். அப்புறம் அழும், இல்லையென்றால் தூங்கிவிடும். இந்தக் குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

அதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதித் தேதியோடு பொதுவில் பூட்டிவைக்க வேண்டும் என்றேன். அதற்கு 'முன்பதிவு' என்று பெயர் சொன்னதும் பின் வரிசையிலிருந்து "ரயிலுக்கா?" என்று ஒரு குரல். சொல் சரியில்லைதான், ஆனால் நல்லதாக வேறொன்று எனக்கு இன்னும் அகப்படவில்லை.

சொன்னால் புரியாது என்று ஒரு வேலை செய்தேன். 40 கற்பனைக் குழந்தைகளின் பார்வை நேரத்தைக் கணினியில் குருட்டாம்போக்கில் உருவாக்கி, அழுதது, தூங்கியது என்ற குறிப்புகளையும் தூவி, ஆறு குழுக்களிடம் கொடுத்தேன். யாரை விலக்குவது என்பது அவர்கள் இஷ்டம். ஒரு குழு 'தெளிவான விளைவு' இருக்கிறது என்று வந்தது; அதற்கு அழகான விளக்கமும் தயாராக வைத்திருந்தார்கள். எல்லாம் வெறும் எண்கள் என்று போட்டு உடைத்தேன். அந்தக் குழுவின் பெண் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க ஏமாத்தலையே சார், ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருந்துச்சே" என்றாள். உண்மை, ஏமாற்றவில்லை. முதலில் அழுத குழந்தைகளை விலக்கினார்கள், ஒன்றும் வரவில்லை. பிறகு நான்கு சுற்றுக்குக் குறைவானவற்றை விலக்கினார்கள், வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் குற்ற உணர்வுதான். இப்போதெல்லாம் 'இதில் ஒரு பொறி இருக்கிறது' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனாலும் விழுகிறார்கள்.

காணொளியைப் பார்த்துப் பார்வையைக் குறிக்கும்போது ஒலியை அணைத்துவிடச் சொல்வேன். ஒரு மாணவர் மறந்துபோய் ஒலியோடு குறித்தார். அதே ஐந்து நிமிடத்தை ஒலியில்லாமல் மறுபடி குறிக்கவைத்தேன். கொஞ்சுமொழி, அதாவது குழந்தையிடம் கொஞ்சிப் பேசும் பேச்சு, ஓடிய சுற்றுகளில் மட்டும் பார்வை நேரம் முதல்தடவை நீண்டிருந்தது. குழந்தை விளக்கைப் பார்க்கிறதா, விளக்குக்குக் கீழே உள்ள கம்பியையா என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் அவர் காது தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

*

உங்கள் பதிவில் கண் கலங்கிய அந்தப் பெண்ணின் நிலையில் நான் நிஜமாகவே இருந்திருக்கிறேன். நான் படித்த ஆய்வகத்தில் 16 குழந்தைகள் முடிந்ததும் எண்ணைப் பார்ப்போம். சரியாக வரவில்லையென்றால் "இன்னும் நாலு சேர்த்துப் பாரு" என்பார்கள். வந்துவிட்டால் அத்தோடு சரி. அது தவறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் பாடம் எடுக்கும்போது பெர்க்மனும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட கணக்கைக் காட்டுவேன். மொழி வளர்ச்சி பற்றிய 12 தொகுப்பாய்வுகளை, அதாவது ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளை, எடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான ஆய்வில் பங்கேற்றவர்கள் 18 பேர். இருக்கிற விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, நடுமதிப்பாக, 44 விழுக்காடு. நாணயம் சுண்டுவது இதைவிட மேல் என்று ஒரு மாணவன் முணுமுணுத்தான்.

இந்தக் குறையைப் போக்கத்தான் மெனிபேபீஸ் (ManyBabies) என்ற பல ஆய்வகங்களின் கூட்டு முயற்சி வந்தது. குழந்தைகளுக்குக் கொஞ்சிப் பேசுவது பிடிக்குமா என்ற பழைய கேள்வியை 67 ஆய்வகங்கள் ஒரே திட்டத்தோடு, 2,329 குழந்தைகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்டன. பிடிக்கிறது, ஆனால் விளைவின் அளவு (வேறுபாடு எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) 0.35தான், பழைய கட்டுரைகளை நம்பியவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. எல்லோரும் கேட்டது வட அமெரிக்க ஆங்கிலப் பேச்சு. வேறு மொழி கேட்டு வளரும் குழந்தைகளிடம் விருப்பம் குறைவாக இருந்தது. இதைச் சொன்னதும் வகுப்பில் கேட்கிறார்கள்: தமிழில் யார் கொஞ்சிப் பதிவு செய்வது?

*

எனக்கு முன் எழுதிய நீங்கள் இருவரும் எண்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். எனக்குச் சிக்கல் குழந்தைகளைப் படம்பிடித்த காணொளியைப் பகிர்வதில். ஆய்வுக் காணொளிகளைச் சேமித்துப் பகிரும் டேட்டாபிரரி (Databrary) போன்ற இணையக் களஞ்சியத்தில் வைத்தால் பதிவுபெற்ற ஆய்வாளர்கள் மட்டும் பார்க்கலாம். ஒரு துண்டை வகுப்பிலோ மாநாட்டிலோ காட்டலாமா என்பதற்குப் பெற்றோர் தனியாகச் சம்மதிக்க வேண்டும். இதை மாணவர்களுக்கு நடித்துக்காட்டிப் பழக்குவேன். ஒருத்தி அம்மா, ஒருத்தி ஆய்வாளர்.

போன பருவத்தில் அம்மாவாக நடித்தவளுக்கு உண்மையிலேயே எட்டு மாதக் குழந்தை உண்டு. படிவத்தை வாங்கினாள், முதல் கட்டத்தில் டிக் போட்டாள், இரண்டாவதில் பேனாவை வைத்தபடியே நிமிர்ந்தாள். "இவன் பதினைந்து வயசில் வந்து, என் அழுகையை எதுக்கு ஊருக்குக் காட்டினேன்னு கேட்டா?" ஆய்வாளராக நடித்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன். இனி பகிர வேண்டாம் என்று பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற வரி அதில் இருந்தது. பிள்ளை சொல்லலாம் என்ற வரி இல்லை. அந்த வகுப்பிலேயே ஒரு வரி எழுதிச் சேர்த்தோம், ஆய்வு நெறிக்குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.