41 வெற்றியா, 38 வெற்றியா: எந்தப் பருவம் பெரிது?

வடதிசை:
அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கியில், மினசோட்டா பல்கலைக்கழக அணியின் 2012-13 பருவத்துக்கு ஈடாக எதையும் வைக்க முடியாது என்பது என் கருத்து. 41 ஆட்டங்களில் 41 வெற்றிகள்; ஒன்றுகூடச் சமனில் முடியவில்லை. விஸ்கான்சினின் 2024-25 பருவத்தை அதற்கு மேலே வைப்போர், 38 வெற்றிகளுக்குப் பக்கத்தில் ஒரு தோல்வியும் இரண்டு சமன்களும் இருப்பதை ஏன் பேசுவதில்லை?

நடுக்கோடு:
பேசலாம். ஆனால் எங்கே ஆடினார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 2013 காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆகிய மூன்றையும் மினசோட்டா மினியாபொலிஸில் உள்ள தன் சொந்த ரிடர் அரீனாவில்தான் ஆடியது. 2025 இறுதிச்சுற்று நடந்ததும் அதே அரங்கில்தான். விஸ்கான்சினோ அங்கே விருந்தாளி. அரையிறுதியில் வீட்டுக்காரர்களான மினசோட்டாவையே வெளியேற்றிவிட்டு, முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் தன்னை 1-0 என வீழ்த்திய ஓஹையோ ஸ்டேட்டை மார்ச் 23 அன்று மீண்டும் சந்தித்தது. 2-3 எனப் பின்தங்கி, 18.9 நொடிகளே மிச்சமிருந்த வேளையில் கிடைத்த பெனால்டி ஷாட்டைக் கிர்ஸ்டன் சிம்ஸ் கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே.

வடதிசை:
அந்தப் பெனால்டி ஷாட், கோல் முகப்பில் எதிரணியினர் 'பக்'கை (பந்துக்குப் பதிலாக ஆடப்படும் ரப்பர் வட்டை) கையால் மூடியதற்காகக் காணொளிப் பரிசீலனைக்குப் பின் வழங்கப்பட்டது. விதிப்படி சரிதான், குறை சொல்லவில்லை. இருந்தாலும் அந்த ஒரு கை நகராமல் இருந்திருந்தால் நாம் இன்று இதை விவாதித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

நடுக்கோடு:
அப்படிப் பார்த்தால் உங்கள் மினசோட்டாவும் காலிறுதியில் வடக்கு டகோட்டாவிடம் மூன்றாம் கூடுதல் நேரம் வரை திணறி, 3-2 எனத் தப்பிய அணிதானே? அரையிறுதியிலும் பாஸ்டன் கல்லூரிக்கு எதிராகக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது.

வடதிசை:
திணறியது உண்மை, எதிரே நின்றவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள். பின்னாளில் 2018 ஒலிம்பிக் தங்கம் வென்ற லாமரூ இரட்டையர் அந்த வடக்கு டகோட்டா அணியில் இருந்தனர். தோற்காத அணியைத் தோற்கடிப்பதையே எல்லோரும் தம் பருவத்தின் இலக்காக வைத்துக்கொண்டு வந்தபோதும் மினசோட்டா சரியவில்லை. அதன் தொடர் வெற்றி 62 ஆட்டங்கள் வரை நீண்டு, 2013 நவம்பரில்தான் நின்றது (நிறுத்தியதும் வடக்கு டகோட்டாவே). மினசோட்டாவின் அமாண்டா கெஸல் 2012-13 பருவத்தில் எடுத்த 101 புள்ளிகளுக்கு (அடித்த கோல்களும் பிறர் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்ந்த கணக்கு) உங்களிடம் பதில் உண்டா?

நடுக்கோடு:
கேசி ஓ'பிரையனின் 88 புள்ளிகளும் லைலா எட்வர்ட்ஸின் 35 கோல்களும் விஸ்கான்சின் என்ற ஒரே அணியில் இருந்தன என்பதே பதில். எதிரணி ஒருவரைக் கட்டிப்போட்டால் மற்றவர் அடிப்பார். இந்த இரு அணிகளும் மோதுவதாக வைத்துக்கொண்டால், கெஸலை அடக்க விஸ்கான்சினின் கரோலின் ஹார்வியைத் தற்காப்பில் நிறுத்துவேன்.

வடதிசை:
ஹார்வி தாக்குதலுக்கு ஏறாமல் பின்னாலேயே நிற்பவர் அல்லரே! அவர் திரும்பி வருவதற்குள் கெஸல் 'பக்'கோடு பறந்திருப்பார். மறுமுனையில் கோலைக் காத்து நிற்பவர் நூரா ரேட்டி என்பதையும் உங்கள் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.