கலைச்சொல் தேவை: திசைகாட்டி பொருத்திய கடற்பைனாகுலர்

மண்டபம், பயிற்சி ஆசிரியை:

அவையோருக்கு வணக்கம். விசைப்படகுத் தொழிலுக்கு வரும் இளைஞர்களின் வகுப்புக்காக, திசைகாட்டி பொருத்திய கடற்பைனாகுலரைக் கையாள்வதும் பேணுவதும் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போகிறது. கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதன் ஒரு குழலுக்குள், நீர்மத்தில் மிதக்கும் திசைத்தட்டு ஒன்று இருக்கும். தொலைவிலுள்ள கலங்கரை விளக்கத்தைப் பார்வைவட்டத்தின் நடுக்கோட்டில் நிறுத்தினால், அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்பதைக் கண்ணை எடுக்காமலே அதே வட்டத்துக்குள் படித்துக்கொள்ளலாம். இரவில் படிக்க, பொத்தானை அழுத்தினால் எரியும் சிறு விளக்கும் பல கருவிகளில் உண்டு.

எனக்கு வேண்டியவை இரண்டு சொற்கள்: கருவிக்கு ஒன்று, அந்தப் பாகைக் கணக்குக்கு ஒன்று. அவற்றைத் தனியே நிறுத்திப் பார்க்காமல், கையேட்டின் இந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கும்படி வேண்டுகிறேன்: "இன்னதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பாம்பன் கலங்கரை விளக்கத்தின் இன்னதை எடுத்துக் குறித்துக்கொள்ளவும்." படிக்கப்போகிறவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவராகவும் இருக்கலாம்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையாருக்கு வணக்கம். 'இருகண்ணோக்கி' என்பதே என் பரிந்துரை. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவதுபோல, இருகண்ணும் நோக்கியும் சேர்ந்து இருகண்ணோக்கி ஆகும். 'இருகண் நோக்கி' என்று பிரித்தெழுதுவது புணர்ச்சியை மறந்தவர்களின் வழக்கம். பொருளும் கருவிக்குப் பொருந்துகிறது. கடற்கருவிகளில் இரண்டு கண்வில்லைகளையும் தனித்தனியே திருகி, அவரவர் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் ஏற்ப ஒருமுறை தெளிவுபடுத்திக்கொண்டால், அதன்பின் தொலைவிலுள்ள எதற்கும் மீண்டும் திருக வேண்டியதில்லை என்று படித்திருக்கிறேன். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே கேட்டு நடக்கும் கருவிக்கு 'இருகண்' என்னும் அடை வெறும் அலங்காரமன்று. ஆகவே முழுப்பெயர் 'திசைகாட்டி இருகண்ணோக்கி' என்றாகும்.

இராமநாதபுரம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் சொல்லை அம்மா கேட்ட வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த வரியிலேயே "பாம்பன் நோக்கி இருகண்ணோக்கியால் நோக்கி" என்று எழுத வேண்டிவருகிறது. 'நோக்கி' நம் வழக்கில் முதலில் 'அதன் பக்கமாக' என்ற பொருளையே தருகிறது. 'திசைகாட்டி நோக்கி' என்று யாராவது சுருக்கிவிட்டால், படிப்பவர் திசைகாட்டியின் பக்கம் திரும்பி நிற்பார்.

தேவிபட்டினம், தனித்தமிழ் அன்பர்:

அடிப்படையை விட்டுவிட்டு முடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 'திசை' வடசொல். 'புலம்' என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது, 'புலங்காட்டி' என்று வைத்து அதன்மேல் மற்றவற்றைக் கட்டலாம். 'தென்புலத்தார்' என்ற குறளின் ஆட்சியைவிடச் சான்று வேண்டுமா?

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வேண்டும். புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று பாடியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே சோறு போட்ட சொல்லை இன்றைக்கு வாசலில் நிறுத்தி ஊர் கேட்பது முறையன்று. 'திகை' என்பதே 'திசை' ஆயிற்று என்று வாதிடுவோரும் உண்டு; அதற்கு நான் உறுதி சொல்லமாட்டேன். ஆனால் 'தென்புலத்தார்' என்று குறள் சொல்வது இறந்துபோன முன்னோரை. கடலுக்குப் புறப்படுகிறவன் கையில் 'புலங்காட்டி'யைக் கொடுத்து, அதில் தென்புலம் பார் என்று சொன்னால், அவன் வீட்டார் நம்மை என்ன சொல்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீழக்கரை, முன்னாள் கப்பல் அலுவலர்:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கருவியின் பெயரைவிடப் பாகைக் கணக்கின் பெயரே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ஏனென்றால் கையேட்டில் அடிக்கடி வரப்போவது அதுதான். கப்பலில் நாங்கள் 'பேரிங்' என்றே சொன்னோம். அதைத் தமிழாக்க வந்த ஒருவர் இயந்திரத்தில் வரும் 'தாங்கி' என்ற சொல்லை இங்கும் போட்டு, 'விளக்கத்தின் தாங்கியை எடுக்கவும்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். எடுத்தால் விளக்கமே விழுந்துவிடும். மன்னாரிலுள்ள எங்கள் உறவினர் பிள்ளைகள் கணிதப் பாடத்தில் இதைத் 'திசைகோள்' என்று படிக்கிறார்கள். நீரிணைக்கு அந்தப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் நாவில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு இந்தப் பக்கம் புதிதாக ஒன்று படைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "ஒன்றுக்கொன்று நன்கு விலகிய மூன்று அடையாளங்களின் திசைகோள்களை எடுத்து வரைபடத்தில் கோடு இழுத்தால், மூன்றும் வெட்டிக்கொள்ளும் சிறு முக்கோணத்திலோ அதை ஒட்டியோ படகு இருக்கும்." சொல் இடறாமல் நிற்கிறது.

கையேட்டில் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நம் கரைக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். ஆதலால் இங்கே காந்தச் சரிவு, அதாவது ஊசி கிடைநிலையிலிருந்து சாயும் கோணம், மிகக் குறைவு. ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஐரோப்பாவில் ஊசியின் வடமுனை கீழ்நோக்கி இழுபடும் என்பதால், அங்குப் பயன்படுத்தச் செய்யும் தட்டின் தென்பக்கத்தைச் சற்றுக் கனமாக்கிச் சமன்செய்வார்கள். அந்தத் தட்டு நம் கடலில் தென்பக்கம் சாயும். சாய்வு மிகுந்தால் உராய்ந்து சிக்கிக்கொள்ளவும் கூடும். எந்த வட்டாரத்துக்குச் சமன்செய்த கருவி என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'திசைகோள்' அருமையான சொல். கெடு 'கேடு' ஆனதுபோலக் கொள் 'கோள்' ஆயிற்று; முதனிலை திரிந்த தொழிற்பெயர். திசையைக் கொள்ளுதல் என்னும் இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலின் வல்லெழுத்து மிகாது. 'பெரியாரைத் துணைக்கோடல்' என்பதில் மிகுந்ததே என்று எவரேனும் கேட்டால், அது 'துணையாகக் கொள்ளுதல்' என்று விரியும் வேறு வகை. ஒற்று மிகுத்துத் 'திசைக்கோள்' என்று அச்சிட்டால் அது ஏதோ ஒரு கிரகமாகிவிடும்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். கோள் என்றால் எங்கள் பையன்களுக்குக் கோள் சொல்லுவதுதான் நினைவுக்கு வரும். சிரித்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள், அதில் தடையில்லை. பைனாகுலரை மட்டும் பைனாகுலர் என்றே விட்டுவிடுங்கள். கடையில் போய் இருகண்ணோக்கி கேட்டால் எவர் எடுத்துத் தருவார்?

பெயருக்குச் செலவிடும் நேரத்தில் பாதியைப் பேணுவதற்கும் கொடுங்கள். எங்கள் ஆட்கள் கண்ணாடியில் உப்புப் பூத்தவுடன் கைலி முனையால் அழுத்தித் துடைக்கிறார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால், உப்புப் பரல் இழுத்த கீறல்கள் கண்ணாடிப் பூச்சில் வளையம் வளையமாகத் தெரியும். முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு, அதன்பின் மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும். விஞ்ச், இஞ்சின், வாக்கிடாக்கி, கைப்பேசி இவற்றின் அருகில் நின்று திசை பார்க்கக் கூடாது. தட்டு பொய் சொல்லும்.

மண்டபம், பயிற்சி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. 'திசைகோள்' என்பதை எடுத்துக்கொள்கிறேன். தேவிபட்டினத்து ஐயா ஒருவரைத் தவிர யாரும் மறுக்கவில்லை. 'காந்தச் சரிவு' நம் பாடநூல்களிலேயே இருக்கிறது. கருவிக்குத் 'திசைகாட்டிப் பைனாகுலர்' என்று வைக்கிறேன். மகிழ்ச்சியோடு அன்று; தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் சலிப்போடு ஒப்புக்கொண்டது அதுதான். '7×50' என்ற குறிக்குப் பெயர் தேடாமல் விளக்கமே எழுதிவிட்டேன்: ஏழு மடங்கு பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்வில்லை, 50ஐ 7ஆல் வகுத்தால் கிடைக்கும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் ஒளிவட்டம், இருட்டில் விரிந்த இளைஞரின் கண்மணிக்கு ஒத்த அளவு. பெருக்கம் அதைவிடக் கூடினால் படகின் ஆட்டமும் சேர்ந்து பெருகும். தொலைவு காணும் அளவுக்கோடுகளுக்கு 'மில் கோடு' போதும்; ஆயிரம் மீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் உயரம் தெரியும் கோணமே ஒரு மில். 30 மீட்டர் உயரக் கோபுரம் 10 மில் அளவில் தெரிந்தால், 30ஐ 1000ஆல் பெருக்கி 10ஆல் வகுக்க, 3000 மீட்டர் என்று மாணவர்கள் மனக்கணக்காகவே சொல்கிறார்கள்.

தேவிபட்டினம், தனித்தமிழ் அன்பர்:

என் மறுப்பைப் பதிவுசெய்யவும். 'மில்', 'பைனாகுலர்' இரண்டும் அச்சேறும் கையேட்டில், ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு மடல் முழுவதும் ஆராய்ந்திருக்கிறோம்.

தொண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'திசைகாட்டிப் பைனாகுலர்' என்பதில் ஒற்று மிக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறமொழிச் சொல் என்பதற்காகப் புணர்ச்சியை விலக்கத் தேவையில்லை. எனினும் இறுதிப் பக்கத்துச் சொல்லடைவில், அடைப்புக்குறிக்குள்ளாவது, 'இருகண்ணோக்கி' இடம்பெற வேண்டும் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். பிரித்து எழுதாமல்.